வெள்ளெழுத்துக்குப் புது லென்ஸ்: சோதித்து வாங்கும் வழி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்குவது சுலபம். கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், அடுத்த வாரம் கண்ணாடி கைக்கு வந்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிகிறதா என்பது வேறு கதை. எத்தனையோ வீடுகளில் நல்ல விலை கொடுத்து வாங்கிய கண்ணாடி இழுப்பறையில் தூங்குகிறது. வீட்டுக்காரர் இரவுச் சந்தையில் வாங்கிய மலிவுக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு கைப்பேசி பார்க்கிறார். பெரும்பாலும் லென்ஸில் குறை இருப்பதில்லை. எவ்வளவு தூரத்தில் என்ன வேலை செய்கிறோம் என்று கடையில் யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. முதல்முறையாகக் கண்ணாடி போடப்போகிறவர்கள், பழையதை மாற்றப்போகிறவர்கள் இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று இரண்டு வரியில். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் இளகலாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது அது உப்பிக்கொள்ளும். அதனால் எழுத்து துல்லியமாகத் தெரியும். வயது ஏற ஏற அந்த லென்ஸ் இறுகிவிடுகிறது. நாற்பதைத் தாண்டியதும் தொந்தரவு தெரிய ஆரம்பித்து, அறுபது, அறுபத்தைந்து வரை கூடிக்கொண்டே போகும். இது யாரையும் விடாது. கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும் என்று திண்ணையில் சொல்வார்கள்; போடாவிட்டாலும் லென்ஸ் இறுகத்தான் போகிறது.

"நான் என்ன படிக்கவா போகிறேன், எனக்கெதற்குக் கண்ணாடி?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 751 கொழுந்து பறிப்பவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளிவந்தது. கிட்டத்தில் பார்ப்பதற்குக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. அவர்கள் செய்த வேலையில் எழுத்து என்ற பேச்சே இல்லை.

1. போவதற்கு முன் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். தையல் நாடா ஒன்றை எடுத்து, நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலை கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். கைப்பேசி பெரும்பாலும் 35, 40 சென்டிமீட்டரில் இருக்கும். மடியில் தட்டை வைத்து நெத்திலி தலை கிள்ளினால் 50க்குப் பக்கம் வரும். அலுவலகக் கணினி 60, 70. பால் மரம் (ரப்பர் மரம்) சீவுகிறவருக்குச் சீவும் கோடு இருக்கும் உயரத்தைப் பொறுத்து 50, 60 என்று மாறும்.

இந்த அளவு ஏன் முக்கியம்? படிக்கிற கண்ணாடிக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. தூரத்தில் இருப்பது கண்ணாடியில்லாமல் சரியாகத் தெரியும் ஒருவருக்கு, 100ஐப் பவரால் வகுத்தால் கிடைப்பது அந்தக் கண்ணாடியில் தெளிவாகத் தெரியும் கடைசித் தூரம், சென்டிமீட்டரில். +2.50 போட்டால் 40 சென்டிமீட்டர். +2.00 என்றால் 50. +1.50 என்றால் 67. அதற்கு அப்பால் மங்கத் தொடங்கிவிடும். எனவே பவர் கூடினால் நல்லது என்று நினைக்காதீர்கள். கூடிய பவரில் எழுத்து பெரிதாகத் தெரியும், மனத்துக்குத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் பேப்பரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருக்கும்.

பால் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையைச் சீவும்போது உள்ளே இருக்கும் வளர்திசுவைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும், கூடினால் மரத்தில் காயம். இந்த ஒரு மில்லிமீட்டரைப் பார்க்க வேண்டியது கைநீட்டுத் தூரத்தில், விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில். இருட்டில் கண்மணி விரிவதால் எந்த மங்கலும் பகலைவிட அதிகமாகத் தெரியும். அப்படிப்பட்டவருக்குக் கடையில் படிப்பதற்கென்று +2.50 கொடுத்துவிட்டால் பட்டை மங்கலாகத்தான் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுவார், குற்றம் அவருடையதில்லை.

அளந்ததை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே எடுத்துப் போக வேண்டியவை: பழைய கண்ணாடிகள் எல்லாம் (உடைந்ததும் கூட), நீங்கள் குடிக்கும் மருந்து, கைப்பேசி, ஊசி நூல் அல்லது உங்கள் வேலைப் பொருள் எதுவோ அது, அன்றைய தமிழ்ப் பத்திரிகை. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட்டையும் கடைக்குள் கொண்டுபோக வேண்டும்; காரணம் பின்னால்.

பத்திரிகை எதற்கு என்கிறீர்களா? கடைகளில் கிட்டத்தில் வைத்துப் படிக்கத் தரும் அட்டையில் பெரும்பாலும் ஆங்கில எழுத்து அல்லது மலாய் வாசகம்தான் இருக்கும். நம் எழுத்தில் புள்ளியும் சுழியும் கொம்பும் நெருக்கமாக வரும். அட்டையில் கடைசி வரி வரை படித்துவிட்டவர், பத்திரிகையில் ண, ன வேறுபாடு தெரியாமல், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் தடுமாறுவதுண்டு. கோயில் திருவிழா அறிவிப்புகளும் மரண அறிவிப்புகளும் அச்சாகும் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தால் பவர் போதுமா போதாதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இரவு வேலை முடிந்த கையோடு போகாதீர்கள். களைத்த கண் ஒரு பவரைச் சொல்லும், தூங்கி எழுந்த கண் இன்னொன்றைச் சொல்லும்.

2. இனிப்பு நீர் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸில் நீர் ஏறி இறங்கும், பவர் மாறிவிடும். சர்க்கரை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் எடுத்த பவர், மருந்து சரியாக வேலை செய்த பிறகு பொருந்தாது. புதிதாக மருந்து தொடங்கியவர்களும் ஊசிக்கு மாறியவர்களும் சர்க்கரை நிலைப்படும் வரை சில வாரம் பொறுத்திருந்து சோதிப்பது நல்லது. அதுவரைக்கும் இரவுச் சந்தைக் கண்ணாடி போதும். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் விழித்திரைப் படம் எடுப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. அது தனிச் சோதனை, கண்ணாடிக் கடைப் பரிசோதனை அதற்கு ஈடாகாது.

இன்னொன்று. ஒரு கண்ணில் திடீர் மங்கல், மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, திரை இறங்கியது போன்ற நிழல், விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து கண்ணும் வலிப்பது: இவற்றில் எது இருந்தாலும் கண்ணாடிக் கடை பக்கம் போகாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது.

3. யாரிடம் போவது

மலேசியாவில் கண் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி கொடுப்பதை 1991ஆம் ஆண்டின் ஒப்டிகல் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கடைகளில் பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் அல்லது ஆப்டிஷியன்தான் இதைச் செய்யலாம். கடையில் பதிவுச் சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள், கண்ணில் படாவிட்டால் கேளுங்கள். தோட்டத்து மண்டபத்தில் மேசை போட்டு, அரை நாளில் ஐம்பது பேரைப் பார்த்து முன்பணம் வாங்கிப் போகும் ஆட்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைக்காரர் சீனராக இருந்தால் பேச்சு மலாயில் போகும். மூன்று சொல் போதும்: மங்கலுக்கு "காபுர்", எழுத்து இரட்டையாக நிழலாடினால் "பாயாங்", தலை சுற்றினால் "பெனிங்". மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து "தாக் ஜெலாஸ்" (தெளிவில்லை) என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் அவர் எதைத் திருத்துவார்?

4. நாற்காலியில்

முதலில் தூரப் பார்வையைச் சரிசெய்வார்கள். அது முடிந்த பிறகுதான் கிட்டத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்று பார்ப்பார்கள். இந்தக் கூட்டும் பவர் நாற்பத்தைந்து வயதில் பெரும்பாலும் +1.00, +1.25 என்ற அளவிலும், ஐம்பதில் +1.50 முதல் +2.00 வரையிலும், அறுபதில் +2.25, +2.50 என்ற அளவிலும் இருக்கும். தூரப் பார்வையைத் தொடாமல் நேரே கிட்டத்துக்குப் போனால், எழுந்து வந்துவிடலாம்.

"ஒன்று நன்றாக இருக்கிறதா, இரண்டா?" என்று கேட்கும்போது நம் ஆட்கள் பெரும்பாலும் பரிசோதகரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பரீட்சை என்ற நினைப்பு. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் "ஒன்றுபோல இருக்கிறது" என்பதே சரியான பதில். மறுபடி காட்டச் சொல்லலாம். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

பவர் முடிவானதும் சோதனைப் பிரேமில் லென்ஸ்களைப் போட்டுத் தருவார்கள். பலர் இங்கே அவசரப்படுகிறார்கள். பத்திரிகையைக் கையில் எடுங்கள். மெதுவாக முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்; மங்கும் இடத்தில் நிறுத்தி, நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். பிறகு தள்ளிக்கொண்டே போய் மறுபடி மங்கும் இடத்தை அளக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் உங்கள் துண்டுத்தாளில் எழுதிய தூரம் விழ வேண்டும். ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் பவரைக் கால் அளவு, அதாவது 0.25, கூட்டியோ குறைத்தோ போடச் சொல்லி மறுபடி பாருங்கள். அந்தக் கால் பவர் வித்தியாசத்தில்தான் கண்ணாடி பிழைப்பதும் போவதும் இருக்கிறது.

பெரியம்மா ஒருவர் இதே கட்டத்தில் பூக்கூடையைத் திறந்து மல்லிகையைத் தொடுக்க ஆரம்பித்துவிட்டார். "என்ன அம்மா செய்கிறீர்கள்?" என்று கேட்ட பரிசோதகரிடம், "தம்பி, நான் இதைத்தானே பார்க்க வேண்டும், உங்கள் அட்டையையா?" என்றார். அவருக்கு முதலில் எழுதிய பவர் அந்த இடத்திலேயே குறைந்தது.

5. எந்த வகை லென்ஸ்

விலை ஏறும் இடம் இது. கடைக்காரர் புரோகிரெசிவ் (கோடில்லாமல் எல்லாத் தூரத்துக்கும் ஒரே லென்ஸ்) என்றுதான் ஆரம்பிப்பார். நாள் முழுக்க தூரம், கிட்டம், நடுத்தூரம் என்று மாறி மாறிப் பார்க்கிறவர்களுக்கு (கடைக் கல்லாவில் இருப்பவர், ஆசிரியர், தோட்ட அலுவலகக் கிராணி) அது உண்மையிலேயே வசதி. வீட்டில் உட்கார்ந்து படிக்கவும் தைக்கவும் மட்டும் வேண்டுமென்றால் ஒரே பவர் கண்ணாடியே மேல். பரப்பு முழுவதும் தெளிவாக இருக்கும், விலையும் குறைவு. மேலே தூரமும் கீழே கிட்டமுமாகக் கோடு தெரியும் பைஃபோகலைக் கிழவர் கண்ணாடி என்று ஒதுக்குகிறார்கள். இரண்டே தூரம் பார்க்கிறவருக்கு அதன் கிட்டப் பகுதி புரோகிரெசிவைவிட அகலம் என்பதை மறக்க வேண்டாம்.

இன்றைய புரோகிரெசிவ் லென்ஸைப் பிரான்சில் பெர்னார்ட் மெத்னாஸ் உருவாக்கினார்; 1959இல் வாரிலக்ஸ் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் ஓர் ஒடுங்கிய பாதையில் பவர் படிப்படியாகக் கூடும். இந்தப் பாதையின் இரு பக்கத்திலும் கோணல் மங்கல் வந்தே தீரும். அதை 1963இல் மின்க்விட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார்: பாதையில் பவர் கூடும் வேகத்தைப்போல இரு மடங்கு வேகத்தில் பக்கவாட்டு மங்கல் கூடும். அதனால் "ஓரத்தில் மங்கலே இல்லாத லென்ஸ்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலை கூடிய லென்ஸ் அந்த மங்கலை நாம் குறைவாகப் பார்க்கும் இடத்துக்கு நகர்த்துகிறது, மென்மையாக்குகிறது, ஒழித்துவிடாது. கூட்டும் பவர் அதிகமானால் பாதை இன்னும் ஒடுங்கும். நாற்பத்தாறில் பழகத் தொடங்கியவர் சுலபமாகப் பழகுவதும், அறுபதில் தொடங்கியவர் திணறுவதும் இதனால்தான்.

செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் தனியாக யோசிக்க வேண்டும். அண்ணாந்து பார்க்கும்போது புரோகிரெசிவ் லென்ஸின் மேல்பகுதி வழியாகக் குலை நன்றாகத் தெரியும். குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தித் தரையைப் பார்த்தால் கிட்டப் பவர் வழியாகப் பார்க்கிறீர்கள். உதிர்ந்த பழமும் மங்கும், கானில் (வடிகாலில்) போட்ட பலகையும் மங்கும். வேலைக்குத் தூரப் பவர் மட்டும் உள்ள பாதுகாப்புக் கண்ணாடியும், வீட்டுக்குப் படிக்கிற கண்ணாடியுமாக இரண்டு வைத்துக்கொள்வதே என் யோசனை.

பிரேமைப் பொறுத்தவரை, புரோகிரெசிவுக்கு லென்ஸ் உயரம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டராவது இருக்கட்டும்; ஒடுங்கிய பிரேமில் கிட்டப் பகுதியே வெட்டுப்பட்டுப் போகும். நம் வெயிலில் வியர்வைக்குக் கண்ணாடி சறுக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கினாலே பகுதிகள் எல்லாம் இடம் மாறிவிடும். மூக்குத் தாங்கி உள்ள பிரேம் பாதுகாப்பு. ஹெல்மெட்டை அங்கேயே போட்டுப் பாருங்கள்: காதுக் கம்பியை அமுக்கிக் கண்ணாடியைத் தூக்குகிறதா, கோணலாக்குகிறதா என்று.

6. வாங்கும் நாளில்

புரோகிரெசிவ் லென்ஸில் மையால் போட்ட குறிகள் இருக்கும். அதை அழிக்குமுன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் நேராகப் பார்க்க, பரிசோதகர் உங்கள் கண் மட்டத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, சிறு சிலுவைக்குறி இரண்டு கண்மணிகளின் நடுவிலும் விழ வேண்டும். ஒரு கண்ணில் மேலே, இன்னொன்றில் கீழே என்றால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

மை அழிந்த பிறகும் அழியாத குறிகள் உண்டு. லென்ஸில் வாயால் ஊதி, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், பொடிப்பொடியாக இரண்டு வட்டங்களோ சின்னங்களோ தெரியும். இடையில் 34 மில்லிமீட்டர் தூரம். காது பக்கம் இருக்கும் குறிக்குக் கீழே கூட்டும் பவர் பொறித்திருக்கும்: +2.00 என்றால் "20" என்பது போல. சீட்டில் எழுதியதும் இதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். மேலே சொன்ன பத்திரிகைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் போய்ச் சாலைப் பலகையையும் படித்துப் பாருங்கள்.

7. முதல் இரண்டு வாரம்

காலையில் எழுந்ததும் போடுங்கள். மத்தியானத்தில் தொடங்கினால் தலைச்சுற்றல் கூடுதலாகத் தெரியும். பக்கத்தில் பார்க்கக் கண்ணைத் திருப்பாமல் மூக்கைத் திருப்புங்கள். படி இறங்கும்போது தாடையை நெஞ்சோடு தாழ்த்தி, மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள். பழைய கண்ணாடிக்கு இடையிடையே திரும்பிப் போகக் கூடாது, அப்படிப் போனால் கண் இரண்டுக்கும் பழகாது. முதல் சில நாள் மோட்டார் சைக்கிள் வேண்டாம். பழகிய பிறகு முதலில் தாமான் (குடியிருப்பு) சாலையில் ஓட்டிப் பாருங்கள், அதன் பின் பெரிய சாலை.

கான்டாக்ட் லென்ஸ் கேட்கிறவர்களுக்கு

பல பவர் கொண்ட கான்டாக்ட் லென்ஸும் உண்டு. பலவற்றில் நடுவில் கிட்டப் பவர், சுற்றிலும் தூரப் பவர் இருக்கும். இரண்டு உருவமும் சேர்ந்தே விழும், மூளை வேண்டியதை எடுத்துக்கொள்ளப் பழகும். சோதனை லென்ஸ் போட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் பவரைப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் வீட்டில் பயன்படுத்திய பிறகே முடிவு செய்ய வேண்டும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் விடும் முறையில் ஆழம் கணிப்பது குறையும். வண்டி ஓட்டுகிறவர்கள் தயங்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ லென்ஸைத் தொடக் கூடாது. அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியையே அரித்துவிடும். களைக்கொல்லி அடிக்கிற நாளிலும் புகைமூட்ட நாளிலும் லென்ஸ் வேண்டாம்.

சொட்டு மருந்து பற்றிக் கேட்கிறார்கள். கண்மணியைச் சுருக்கும் பைலோகார்ப்பின் மருந்து ஒன்றுக்கு அமெரிக்கா 2021இல் அனுமதி கொடுத்தது. சில மணி நேரமே வேலை செய்யும், மங்கிய வெளிச்சத்தில் பார்வையைக் குறைக்கும். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது.

திரும்பப் போக வேண்டியிருந்தால்

இரண்டு வாரத்துக்குப் பிறகும் தலைவலியோ மங்கலோ விடவில்லை என்றால் கூச்சப்படாமல் கடைக்குப் போங்கள். "சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். தூரமா, கிட்டமா, எத்தனை சென்டிமீட்டர், எந்தக் கண், தலையை உயர்த்தினால் தெளிகிறதா தாழ்த்தினால் தெளிகிறதா என்று சொல்லுங்கள். படிக்கத் தலையை உயர்த்த வேண்டியிருந்தால் லென்ஸ் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது; பல நேரம் மூக்குத் தாங்கியை வளைத்தாலே தீர்ந்துவிடும், புது லென்ஸ் தேவைப்படாது. மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். பவர் சீட்டையும் கண்மணிகளுக்கு இடையிலான அளவையும் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அடுத்த சோதனைக்குப் போகும்போது எந்தக் கடையானாலும் அதையே முதலில் கேட்பார்கள்.